சாலைப்பணிக் களத்தில் காவலரும் கொடிகாட்டுநரும்: மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 2008 விதிகளும் அவற்றின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாலைப்பணி நடைபெறும் இடத்தில் வண்டிகளை நிறுத்தியும் அனுப்பியும் நெறிப்படுத்துபவர் பயிற்சி பெற்ற குடிமைப் பணியாளர் ஆவார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்பணி நெடுங்காலம் சீருடைக் காவலரிடமே இருந்தது. 2008இல் வந்த விதிகள் இந்நிலையை மாற்ற முயன்றன. அம்முயற்சி ஓரளவே வெற்றி பெற்றதற்கான காரணங்களைத் தொழிலாளர் உறவு வரலாற்றின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சாலைப்பணி, கொடிகாட்டுநர், கட்டணக் காவற்பணி, கூட்டுப் பேரம், மாசசூசெட்ஸ், பாஸ்டன்.

முன்னுரை

சாலையின் ஒரு பாதி தோண்டப்படும்போது மறுபாதி வழியே இருபுறத்து வண்டிகளும் மாறி மாறிச் செல்ல வேண்டியுள்ளது. அவற்றை முறைப்படுத்துபவர் தொடக்கத்தில் கொடியைப் பயன்படுத்தியமையால் ஆங்கில வழக்கில் அவருக்குக் கொடியின் பெயரே அமைந்தது. இங்கு அவர் கொடிகாட்டுநர் எனச் சுட்டப்பெறுகிறார். இன்று அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒருபுறம் ‘நில்’ என்றும் மறுபுறம் ‘மெதுவாக’ என்றும் எழுதப்பெற்ற பலகையாகும். 1935இல் முதற்பதிப்புக் கண்ட அமெரிக்கப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கையேட்டின் அண்மைப் பதிப்புகள், கொடிகாட்டுநரின் தகுதி, உடை, நிற்கும் இடம், கைச்சைகை ஆகியவற்றை வரையறுக்கின்றன. இத்தகுதிகளுள் காவல் அதிகாரம் இடம்பெறவில்லை. இந்தப் பொது வழக்கிலிருந்து விலகி நின்றதாக மாசசூசெட்ஸ் தொடர்ந்து சுட்டப்பெற்றது.

கட்டணக் காவற்பணி

பணிநேரம் முடிந்த காவலர் தம் சீருடையிலேயே சாலைப்பணிக் களத்தில் நிற்பதும், அதற்கான ஊதியத்தைப் பணியை நடத்தும் ஒப்பந்ததாரரோ எரிவாயு, மின்சார நிறுவனங்களோ செலுத்துவதும் அம்மாநிலத்தில் ‘டீட்டெயில்’ எனப்படுகின்றன. இதனைக் கட்டணக் காவற்பணி எனலாம். காவலரை அனுப்பும் நகராட்சி, அச்செலவின் மீது 10 விழுக்காட்டுக்கு மிகாத நிர்வாகக் கட்டணம் பெற மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. பணி விரைவில் முடிந்தாலும் குறைந்தது 4 மணி நேர ஊதியம் வழங்க வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் காணப்பெறும் விதியாகும்.

இவ்வமைப்பில் காவலருக்குக் கூடுதல் வருவாயும் நகராட்சிக்குக் கட்டணமும் கிடைக்கின்றன. செலவு நிறுவனத்தின் கணக்கில் எழுதப்பெறுகிறது. ஆயினும் பொதுப்பணியாயின் வரிசெலுத்துவோரும், எரிவாயு அல்லது மின்சாரப் பணியாயின் நுகர்வோரும் இறுதியில் அதனைச் சுமக்கின்றனர். செலவு நேரடியாகக் கண்ணுக்குப் புலப்படாமை இவ்வழக்கம் நீடித்தமைக்கு ஒரு காரணமாகும்.

தொழிலாளர் உறவுப் பின்னணி

1919 செப்டம்பரில் பாஸ்டன் காவலருள் ஏறத்தாழ 1,100 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். குறைந்த ஊதியம், நீண்ட பணிநேரம், காவல் நிலையங்களின் சீர்கேடு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அதன் காரணங்களாகும். ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் காவலருக்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்தார். வேலைநிறுத்தம் செய்தோர் மீண்டும் பணியில் சேர்க்கப்படவில்லை. இத்தோல்விக்குப் பின் பல பத்தாண்டுகள் கழித்தே காவலர் சங்கங்கள் வலுப்பெற்றன. பாஸ்டன் ரோந்துக் காவலர் சங்கம் 1965இல் தோன்றியது. 1973இல் இயற்றப்பெற்ற பொதுத்துறை ஊழியர் சட்டம் கூட்டுப் பேர உரிமையை விரிவாக வரையறுத்தது.

இதன்பின் கட்டணக் காவற்பணியின் ஊதிய விகிதமும் பங்கீட்டு முறையும் சங்க ஒப்பந்தங்களின் உட்பொருளாயின. இம்மாற்றம் கருதத்தக்கது. நிருவாக வழக்கமாக மட்டும் இருப்பதை ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். ஒப்பந்த உரிமையாகிவிட்டதை மாற்றுவதற்கோ பேச்சுவார்த்தையும் ஈடும் தேவைப்படுகின்றன.

2008 விதிகள்

ஆளுநர் டெவால் பேட்ரிக்கின் ஆட்சிக்காலத்தில், 2008ஆம் ஆண்டின் 86ஆம் அத்தியாயச் சட்டம் இதற்கான விதிகளை வகுக்குமாறு போக்குவரத்துத் துறையைப் பணித்தது. அவ்விதிகள் அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. மணிக்கு 45 மைலுக்குக் குறைந்த வேக வரம்புடைய சாலைகளிலும், வண்டிப் போக்குவரத்துக் குறைந்த சாலைகளிலும் மாநிலப் பணிகளுக்குக் கொடிகாட்டுநரை அமர்த்த இவை வழிவகுத்தன. வேகமும் நெரிசலும் மிகுந்த சாலைகளில் காவலர் தொடர்ந்தனர்.

காவலர் சங்கங்கள் இதனை எதிர்த்தன. சீருடையைக் கண்டால் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பர். குற்றமோ விபத்தோ நிகழ்ந்தால் களத்தில் நிற்கும் காவலர் உடனே உதவுவார் என்பன அவற்றின் வாதங்கள். ஏனைய மாநிலங்கள் கொடிகாட்டுநரைக் கொண்டே பணிகளை நடத்துகின்றன என்பது மறுதரப்பின் விடையாக இருந்தது.

எதிர்பார்த்த சிக்கனத்தை இரு தடைகள் குறுக்கின. முதலாவது, 1914 முதல் அம்மாநிலத்தில் நிலவும் நடைமுறை ஊதியச் சட்டம். பொதுப்பணியில் அமர்த்தப்பெறும் கொடிகாட்டுநருக்கும் கட்டுமானத் தொழிலாளருக்குரிய ஊதியம் வழங்கப்பட வேண்டியிருந்தமையால், காவலர் ஊதியத்துக்கும் அவர் ஊதியத்துக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கியது. இரண்டாவது, உள்ளாட்சிச் சாலைகள். பல நகரங்களின் ஒப்பந்தங்களும் நகர விதிகளும் காவலரையே வேண்டி நின்றமையால் அங்குப் பழைய முறை தொடர்ந்தது.

பாதுகாப்பு வாதத்தின் இரு கூறுகள்

இவ்விவாதத்தில் இருவேறு பணிகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. விரைவுச்சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது சட்ட அமலாக்கப் பணி. அதற்குக் காவலரின் இருப்பு பயன் தரும். ஒருவழிப் பாதையில் வண்டிகளை மாற்றி அனுப்புவது நெறிப்படுத்தும் பணி. அதற்குப் பயிற்சியே முதன்மையானது. 2007இல் வெளியான கூட்டரசு விதியும் எல்லாக் களங்களுக்கும் காவலரை வலியுறுத்தவில்லை. வேகமாகச் செல்லும் வண்டிகளுக்கு அருகே தடுப்பரண் இன்றித் தொழிலாளர் நிற்றல் போன்ற சூழல்களைக் கருதி, காவலரைப் பயன்படுத்தும் கொள்கையை ஒவ்வொரு மாநிலமும் வகுக்குமாறு அது கோரியது.

2023 டிசம்பரில் மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் சாலைப்பணிக் களத்தில் வாகனம் மோதி, அங்குப் பணியிலிருந்த காவலர் ஒருவரும் பயன்பாட்டு நிறுவனத் தொழிலாளி ஒருவரும் உயிரிழந்தனர். எவ்வகைப் பணியாளரும் பாய்ந்து வரும் வண்டியைத் தம் உடலால் தடுத்துவிட இயலாது என்பதை இத்துயர நிகழ்வு உணர்த்துகிறது. தடுப்பரண், முன்னெச்சரிக்கைப் பலகை, தாங்கு வண்டி ஆகியவை பற்றிய கேள்வி, யார் நிற்பது என்னும் வாதத்தில் பின்தள்ளப்பட்டுவிட்டது.

பாஸ்டன் ஒப்பந்தம்

அதே டிசம்பரில் பாஸ்டன் நகராட்சியும் ரோந்துக் காவலர் சங்கமும் புதிய ஒப்பந்தம் கண்டன. காவலர் பற்றாக்குறையால் கட்டணப் பணியிடங்கள் பல நிரப்பப்படாமல் இருந்தன. எனவே, காவலர் ஏற்காத பணிகளை ஓய்வுபெற்ற காவலரும் குடிமைப் பணியாளரும் ஏற்க அவ்வொப்பந்தம் இடமளித்தது. கட்டணப் பணிக்கான ஊதிய விகிதமும் உயர்த்தப்பட்டது. காவலருக்கே முன்னுரிமை என்னும் நிலை மாறவில்லை. எஞ்சிய பணிகளே பிறருக்குத் திறந்துவிடப்பட்டன.

முடிவுரை

2008இல் சிக்கனத்தை முன்னிறுத்தி ஆணை வழியே மேற்கொள்ளப்பெற்ற சீர்திருத்தம், மாநிலச் சாலைகளின் ஒரு பகுதியோடு நின்றது. 2023இல் ஆள் பற்றாக்குறையின் நெருக்கடியில், ஊதிய உயர்வை ஈடாகக் கொண்டு நிகழ்ந்த பேச்சுவார்த்தை அம்மாநிலத் தலைநகரிலேயே மாற்றத்தைத் தொடங்கியது. ஒரு பணி யாருக்குரியது என்பதை அப்பணியின் தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைச் சூழ்ந்து வளர்ந்த ஊதியமும் ஒப்பந்தமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதை மாசசூசெட்ஸ் வரலாறு புலப்படுத்துகிறது. களத்தில் நிற்கும் தொழிலாளியின் பாதுகாப்பு இவ்விரண்டிலிருந்தும் பிரித்துத் தனியே ஆராயத்தக்க பொருளாகும்.