புத்தளக் கரையிற் கம்பியில்லாத் தொடர்புக் கோபுரங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

கடலையும் கரையையும் ஆள முற்பட்டோர் முதலில் நாடியது தடையற்ற பார்வையுடைய இடத்தையேயாம். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை, புத்தளக் களப்பின் வாயிலைக் காக்கத்தக்க இடத்திலேயே அமைந்தது. கம்பியில்லாத் தொடர்புக் கோபுரங்களுக்கும் இஃது பொருந்தும். கோபுரத்தை எங்கே நாட்டுவது என்னும் வினா பொறியியல் வினா மட்டுமன்று. யாருக்காக நாட்டுவது என்னும் வினாவும் அதனுள் அடங்கும். இதனைச் சிலாபத்திற்குத் தெற்கேயுள்ள இரணவிலவின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தேவைக்காக இலங்கையில் வானொலி நிலையமொன்று தோன்றியது. போருக்குப்பின் அதன் ஏக்கலைச் சிற்றலைபரப்பிகள் இலங்கை வானொலிக்கு வாய்த்தன. தமிழகத்து இல்லங்களிலும் இலங்கை வானொலி ஒலித்தமைக்கு இவையே அடிப்படையாயின. 1951 இற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி அமெரிக்காவின் குரலும் இலங்கையிலிருந்து ஒலிபரப்பலாயிற்று. 1983 இல் ஏற்பட்ட புதிய ஒப்பந்தம் பெரியதொரு நிலையத்திற்கு வழிவகுத்தது. அந்நிலையம் ஈற்றில் இரணவிலவில் அமைந்தது.

இயற்பியல் நோக்கில் இக்கரை சிற்றலைக்கு மிகவும் ஏற்றதாகும். சிற்றலை அயன்மண்டலத்திற் பட்டுத் தெறித்து நெடுந்தூரம் செல்வது. அது தொலைவிற் சென்று வீழ, தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்த கோணத்திற் புறப்படல் வேண்டும். மலைமறைவற்ற சமநிலமும், மின்னை எளிதிற் கடத்தும் உவர்நிலமும் கடலும் அதற்குத் துணைசெய்வன. ஆயின், உயர்ந்த கோபுரங்களுக்கிடையே திரைபோல் தொங்கவிடப்படும் அன்ரெனாக்களுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் வேண்டும்.

அவ்வன்ரெனாக்கள் குறித்து அயல்நாட்டில் ஐயமும் எழுந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களுடன் தொடர்புகொள்ளவும் உளவறியவும் இந்நிலையம் பயன்படலாமென இந்தியாவில் அச்சம் தெரிவிக்கப்பட்டது. 1987 யூலை 29 இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களும் இடம்பெற்றன. அவை பொது ஒலிபரப்பிற்கன்றிப் படைத்துறைக்கோ உளவிற்கோ பயன்படலாகாது என்பதே அதன் சாரமாகும்.

கொழும்பும் புதுடில்லியும் வாஷிங்டனும் பேசிய இவ்விடயத்தில் இரணவில மக்களின் குரல் பிந்தியே கேட்டது. நிலமும் கடற்றொழிலும் பறிபோகும், கதிர்வீச்சால் ஊறு நேரும் என்று அஞ்சிய ஊரவர், கத்தோலிக்கக் குருமாரின் ஆதரவுடன் தொண்ணூறுகளில் எதிர்ப்புத் தெரிவித்தனர். எனினும் நிலையம் எழுந்தது. இணையமும் செய்மதியும் பரவச் சிற்றலையின் தேவை குன்றியது. 2016 இல் அந்நிலையம் மூடப்பட்டது. 2020 இற் கொரோனா நோயாளருக்கான மருத்துவமனையாக அவ்விடம் பயன்பட்டமை குறிப்பிடத்தக்கது.

சிற்றலையை ஒடுக்கிய இணையமும் கோபுரம் வேண்டுவதே. ஆயின் அதன் இலக்கணம் வேறு. நுண்ணலை தெறித்துச் செல்லாது, நேர்கோட்டிற் செல்லும். 20 கிலோமீற்றர் இடைவெளியில் 2.4 கிகாஹேட்சு மீடிறனிற் செல்லும் கற்றையை எடுத்துக்கொள்வோம். புவியின் வளைவு நடுவழியில் ஏறத்தாழ 6 மீற்றர் உயர்ந்து மறைக்கும். கற்றை இடையில் விரிந்து செல்வதால் அவ்விரிவுக்கு மேலும் 15 மீற்றர் வேண்டும். ஆகவே வெட்டவெளியிலேயே இரு முனைகளிலும் 21 மீற்றர் உயரம் தேவை. இடையில் 20 மீற்றர்த் தென்னந்தோப்பு நிற்பின் கோபுரம் 40 மீற்றரைத் தாண்டல் வேண்டும். தென்னை மலிந்த புத்தளத்தில் இது சிறு செலவன்று.

சிற்றலைக்கு நட்பான நீர் நுண்ணலைக்குப் பகையாவதுமுண்டு. களப்பின் நீரிற் பட்டுத் தெறிக்கும் அலை நேரலையோடு முரணிச் சேருமாயின் சமிக்ஞை நலியும். நீர்மட்டம் மாற நலிவும் மாறும். தெறிக்கும் புள்ளி நீரின்மீது விழாது தோப்பின்மீது விழுமாறு இரு கோபுரங்களின் உயரங்களையும் தெரிவதே இதற்குப் பரிகாரமாகும். கோபுரத்திற்குக் கோபுரம் ஒடுங்கிய கற்றை செலுத்தக் கிண்ண அன்ரெனாவும், ஊர்முழுதும் பரப்ப அகன்ற கற்றையுடைய அன்ரெனாவும் ஏற்றன. உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலாற் பராமரிப்பதற்கு ஊரிலேயே ஆள் இருத்தல் இன்றியமையாதது.

இவ்வகைத் தொடர்பு ஊரவர்க்குப் பயன்பட்டமைக்குத் தமிழகத்துத் தேனி சான்றாகும். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வாளரும் நெடுந்தூர வைஃபை இணைப்புகளாற் கிராமக் கண் பரிசோதனை நிலையங்களை மருத்துவமனையுடன் இணைத்தனர். நோயாளர் தம் ஊரிலிருந்தே மருத்துவருடன் பேச முடிந்தது. அங்குக் கோபுரங்களின் இடம் நோயாளர் இருக்கும் இடத்தைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது.

இரணவிலவின் கோபுரங்கள் தொலைவிலுள்ளார் கேட்பதற்காக எழுந்தவை. அவற்றின் நிழலில் வாழ்ந்தோர்க்கு அவற்றால் யாதும் சொல்ல இயலவில்லை. கற்பிட்டியிலோ உடப்பிலோ இணையக் கோபுரம் நாட்டுவோர் வரைபடத்திற் கோடு கீறுமுன், எந்தப் பாடசாலைக்கும் எந்த மருந்தகத்திற்கும் எந்த மீன்வாடிக்கும் அது பயன்படும் என்பதை ஊரவரிடம் கேட்டறிதல் வேண்டும். உயரமும் மீடிறனும் அதன்பின் கணிக்கப்படவேண்டியவை என்பதே இவ்வரலாற்றாற் பெறப்படும் முடிபாகும்.