போத்தல் கணக்கும் வாளிக் கணக்கும்

வீட்டில் எவ்வளவு மின்சாரம், தண்ணீர், பொலித்தீன் செலவாகிறது என்று பிள்ளைகளை எழுதிவரச் சொன்னால், "இதெல்லாம் வெளிநாட்டுப் பாடம், சேர்" என்று சில பெற்றோர் சிரிக்கிறார்கள். வன்னியின் கதை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கணக்கு எங்கள் வீடுகளில் முன்பே இருந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டதும், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு அரசு பொருளாதாரத் தடை போட்டது. எரிபொருள், பெட்டரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் வந்தது. ஜாம் போத்தல் விளக்கு ஒன்றைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் படித்தார்கள். சைக்கிளை மிதித்து டைனமோவில் வானொலி கேட்டார்கள். 2002 போர்நிறுத்தத்தோடு தடை பெருமளவு நீங்கும்வரை, விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது என்பது ஒவ்வொரு வீட்டிலும் அன்றாடக் கணக்கு.

அந்த வருடங்களில் நாங்கள் இங்கே இல்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் ஊரை விட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினோம். அங்கே எங்களுடையது வாளிக் கணக்கு. வரிசையில் நின்று கொண்டுவந்த தண்ணீரில் குடிக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு, வுழூவுக்கு எவ்வளவு என்று உம்மாமார் பிரித்து வைத்தார்கள். நபியவர்கள் ஒரு முத்து, அதாவது இரண்டு கையும் சேர்த்து ஏந்தும் அளவுத் தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று மதரசாவில் ஓதியதை அங்கேதான் விளங்கிக்கொண்டோம்.

இதையெல்லாம் சிக்கனம் என்று பெருமை பேசக் கூடாது. இல்லாமல் ஆக்கப்பட்டவர்களின் கணக்கு அது. கட்டாயம் போனதும் கணக்கும் போய்விட்டது.

2009க்குப் பிறகு மின்கம்பி வந்தது, நாங்களும் திரும்பி வந்தோம். கிணற்றடியில் கயிறு போய் மோட்டர் வந்தது. ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ முக்கால் அலகு. தாங்கி நிரம்பி வழிந்தாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி, நாங்கள் அகதிகளாக இருந்த அதே புத்தளத்தின் நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து எடுப்பது. 2011இல் தொடங்கிய அந்த நிலையம் இன்று 900 மெகாவாட். நிலக்கரியில் ஓர் அலகு எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது மறுபடியும் எல்லோரும் கணக்குப் பார்த்தோம். மின்சாரம் சீரானதும் மறந்தோம்.

ஆகவே கட்டாயம் இல்லாத நாளில் கணக்குப் பார்க்கப் பழக்குவதுதான் பாடம். ஒரு கொப்பி போதும். முதல் மாதம் எதையும் மாற்றாமல் எழுதட்டும்: மீற்றர் வாசிப்பு, மோட்டர் ஓடிய நேரம், வீட்டுக்கு வந்த பொலித்தீன் பைகள். இரண்டாம் மாதம் ஒன்றை மட்டும் குறைக்கட்டும். 60 வாட் குமிழ் தினம் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாட் எல்இடி என்றால் ஒன்றரை அலகும் இல்லை. பிள்ளையே கழித்துப் பார்த்தால் மறக்காது.

கொப்பியின் முதல் பக்கத்தை மட்டும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு நிரப்பச் சொல்வோம்: 1990களில் உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு மண்ணெண்ணெய், எத்தனை வாளி தண்ணீர்? எங்கள் வகுப்பில் போத்தல் கணக்கு வீட்டுப் பிள்ளையும் வாளிக் கணக்கு வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் நடந்தது மற்றவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை இருவரும் மாற்றி வாசிக்கட்டும்.