தண்ணீரில் இருந்து எரிபொருள்: அஸ்கோவ் கிராமத்து ஆசிரியரின் கதை



"தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள்" என்று வட்ஸ்அப்பில் இடைக்கிடை வீடியோ வருகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வகுப்பில் கேட்கிறார்கள்: "சேர், தண்ணியில ஐதரசன் இருக்குத்தானே, அதை எடுத்து எரிக்க ஏலாதா?"

ஏலும். 1800 ஆம் ஆண்டே எடுத்துவிட்டார்கள். இத்தாலியில் வோல்ட்டா மின்கல அடுக்கைச் செய்த செய்தி லண்டனுக்கு எட்டியதும், நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அதேபோல ஒன்றைச் செய்து அதன் கம்பிகளை நீருக்குள் விட்டார்கள். ஒரு பக்கம் ஐதரசன் குமிழி வந்தது, மறுபக்கம் ஒட்சிசன் வந்தது. நாம் படிப்பிக்கும் நீரின் மின்பகுப்பு அதுதான்.

அதை அன்றாடப் பாவனைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஓர் ஆசிரியர். பெயர் போல் லா கூர். டென்மார்க்கில் அஸ்கோவ் என்ற கிராமத்தின் மக்கள் உயர்பாடசாலையில் படிப்பித்தவர். 1891 இல் அரசாங்க உதவியோடு அங்கே ஒரு காற்றாலை கட்டி, அதில் மின்பிறப்பாக்கியைப் பூட்டினார். ஆனால் காற்று தான் நினைத்த நேரத்தில்தான் வீசும். வெளிச்சம் தேவைப்படுவதோ இரவில். கிடைக்கும் மின்சாரத்தை எப்படிச் சேமிப்பது?

அந்த மின்சாரத்தை நீருக்குள் செலுத்தி ஐதரசனையும் ஒட்சிசனையும் பிரித்தார். ஐதரசனை 12 கன மீற்றர் தாங்கியில் சேர்த்தார். 1895 முதல் 1902 வரை பாடசாலையின் விளக்குகள் அந்த வாயுவில் எரிந்தன. ஆபத்தும் இருந்தது. ஐதரசனோடு சிறிதளவு ஒட்சிசன் கலந்து வெடித்ததால் பல தடவை யன்னல் கண்ணாடிகளை மாற்ற வேண்டி வந்தது. 1902 இற்குப் பிறகு அவர் மின்சாரத்தை நேராகவே கிராமத்துக்கு வழங்கி, மீதியை மின்கலங்களில் சேமித்தார். கிராமத்து இளைஞர்களை மின் வேலைக்குப் பயிற்றுவித்தார். 1908 இல் காலமானார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்குச் சக்தியைத் தந்தது காற்று, தண்ணீர் அல்ல. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஐதரசன். அதைத் திரும்பப் பிரிக்க நாம்தான் சக்தி கொடுக்க வேண்டும். இன்றைய இயந்திரங்களிலும் 1 கிலோ ஐதரசன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. அந்த 1 கிலோவில் திரும்பக் கிடைப்பது ஏறக்குறைய 33 யூனிட்தான்.

அப்படியென்றால் உலக நாடுகள் ஏன் இதில் காசு போடுகின்றன? வீணாகப் போகும் காற்றையும் வெயிலையும் சேமிக்கத்தான். மன்னாரில் 2020 இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பிறகு லா கூரின் கேள்வி நமக்கும் உரியதாகிவிட்டது.

ஆகவே, "தண்ணி ஊத்தினாப் போதும், பெற்றோல் மிச்சம்" என்று யாராவது ஒரு பெட்டியை விற்க வந்தால், "பிரிக்கிற கரண்ட் எங்கிருந்து வருது?" என்று கேளுங்கள். பைக் பற்றரியில் இருந்து என்பார். அந்தப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது எஞ்சின். எஞ்சினை ஓட்டுவது அதே பெற்றோல்தான்.

வீட்டில் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.