மலையகத்துக் காமன் கூத்து

இலங்கை மலையகத்தின் கொத்மலை, ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்து, கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களோடு 19ஆம் நூற்றாண்டில் மலையேறியது. 1870களில் இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலை வேரூன்றியபோதும் கூத்து தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளான லயங்களை விட்டு நீங்கவில்லை.

மாசி அமாவாசைக்குப் பிந்திய வளர்பிறையில் காமன் பொட்டல் எனும் திடலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று முதல் ஆடுவோர் விரதம் காப்பர். பகலில் கொழுந்து மலையில் வேலை, இரவில் வாத்தியாரிடம் பாட்டும் அடவும். தப்பு எனும் பறையின் அடிதான் காலுக்குக் கணக்கு. பரதநாட்டியத்தைப் போல எழுதப்பட்ட இலக்கணம் இதற்கில்லை. தலைமுறை தலைமுறையாகக் காதும் காலும் காத்த கலை இது.

கதை சிவன் மன்மதனை எரித்த புராணம். தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை அவன் மனைவி ரதி தடுக்கும் தர்க்கம் நெடுநேரம் நீளும். மாசிப் பௌர்ணமியையொட்டிய இரவில், விடியும் வரை ஆட்டம் நடக்கும். இந்திரன், தூதன், வீரபத்திரன், காளி என வேடங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். தகனத்துக்குப் பின் வரும் ரதி புலம்பலே கூத்தின் உச்சம். மரபாக ரதி வேடத்தையும் ஆண்களே கட்டினர்; ஆனாலும் சூழ்ந்திருக்கும் பெண்கள் அதைத் தம் வீட்டு ஒப்பாரியாகவே கேட்டு அழுவார்கள். தகனத்தின் மூன்றாம் நாள் மன்மதனை உயிர்ப்பிக்கும் சடங்கு நடக்கும்.

1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டக் குடும்பங்கள் பெருந்தொகையாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, பாட்டறிந்தோரும் தப்படிப்போரும் பிரிந்து போயினர். எஞ்சியவர்களே கூத்தைத் தொடர்ந்தனர். மாத்தளை வடிவேலன் போன்றோர் இதை ஆராய்ந்து எழுதியுள்ளனர்.