588 டாலருக்குப் போன வீடு

பஞ்சமி நிலம் பத்திரங்கள் வழியே கைமாறிய கதை நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நடந்ததையும் பார்ப்போம்.

அங்கே சொத்துவரி பாக்கி விழுந்தால், வசூல் உரிமையை மாவட்டக் கருவூலர் தனியாருக்குச் சான்றிதழாக விற்றுவிடுவார். வாங்கியவருக்கு 14 சதவீத வட்டி. மூன்றாண்டில் பாக்கி தீராவிட்டால், அறிவிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, நீதிமன்றப் படியேறாமலே வீட்டைத் தன் பெயருக்குப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அப்போது ஏலம் கிடையாது. ஆகவே மீதித்தொகை என்ற பேச்சே எழவில்லை. இதை வரிவசூல் என்று நாங்கள் ஒப்பமாட்டோம்.

மனைவி தீரா நோயில் விழ, 2014ஆம் ஆண்டு வரி 588 டாலரை ஒரு தம்பதியால் கட்ட முடியவில்லை. அடுத்தடுத்த ஆண்டு வரியும் வட்டியும் சேர்ந்து 5,200 டாலர் சொச்சம் ஆயிற்று. அதற்காகப் போனது சுமார் 60,000 டாலர் பெறுமான வீடு. 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் இதைச் சரியென்றது.

2023 மே மாதம், மின்னசோட்டாவின் ஹென்னபின் மாவட்ட வழக்கில், பாக்கி போக மீதியை அரசு விழுங்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். (அதற்கு மாக்னா கார்ட்டா வரை போகவேண்டியிருந்தது!) அதன் பிறகே நெப்ராஸ்கா வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது. 2024இல் தீர்ப்பு மாறியது. அந்த அம்மா அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.