வெறுந்தொட்டியின் கணக்கு: கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து சில குறிப்புகள்

ரயில்வே வரலாறு எழுதியவர்கள் எஞ்சினைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் பேர் மூன்றாம் வகுப்புப் பயணியைப் பற்றியும் எழுதினார்கள். கறுத்துப்போய், எண்ணெய் வழிந்த உருளைகளாக நம்மைக் கடந்துபோகும் டேங்க் வேகனைப் பற்றி எழுதுவார் யாருமில்லை. லெவல் கிராஸிங்கில் நின்று ‘நாப்பத்தெட்டா அம்பதா’ என்று எண்ணுகிற பிள்ளைகளுக்குத்தான் அதில் அக்கறை. ஆனால் ஓர் அரசு எதையெல்லாம் அவசியப் பண்டம் என்று கருதியது, அதை யார் செலவில், யார் நிலத்தின்மீது நகர்த்தியது என்று கேட்கத் தொடங்கினால் இந்த உருளை ஒரு முக்கியமான ஆவணமாகிவிடுகிறது.

மூடிய வேகனில் அரிசி போனால் திரும்பும்போது உரம் வரும், சிமெண்டு வரும். டேங்க் வேகனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பெட்ரோல் போன தொட்டியில் பால் வராது. போகையில் நிறைசுமை, வருகையில் வெறுந்தொட்டி. தன் வாழ்நாளில் பாதித் தூரம் காற்றைச் சுமந்தே ஓடுகிற வண்டி அது. அந்த வெறும் ஓட்டத்துக்கு யாரோ ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும். யார் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ராக்ஃபெல்லர் ஒரு பதில் வைத்திருந்தார். தண்டவாளம் ரயில் கம்பெனியுடையது, தொட்டி ஸ்டாண்டர்ட் ஆயிலுடையது. பீப்பாயில் எண்ணெய் அனுப்பிய சின்ன வியாபாரி பீப்பாயின் எடைக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டினான். தொட்டியில் அனுப்பியவருக்கு எண்ணெயின் எடை மட்டுமே. போதாததற்கு, தொட்டி ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று ரயில் கம்பெனியே அவருக்குப் பணம் கொடுத்தது. சின்னவர்கள் ஒழிந்ததில் இந்தத் தொட்டிக்குப் பெரும் பங்குண்டு. பாகுவில் நோபல் சகோதரர்களும் 1880களில் இதே தொட்டிகளை ஓட்டித்தான் ரஷ்யச் சந்தையைப் பிடித்தார்கள். 1920இல் பாகு எண்ணெய் முழுவதும் சோவியத் அரசின் கைக்குப் போனது. தொட்டி அதே தொட்டிதான், உடைமைதான் மாறியது.

நம்மிடம் சீமெண்ணெய் முதலில் வந்தது தகர டின்னில். எண்ணெய் தீர்ந்தபின் அந்த டின் தண்ணீர் சுமக்க, தானியம் அளக்க, கூரை வேயப் பயன்பட்டது. வெறும் பாத்திரம் திரும்பிப் போகவில்லை, ஏழை வீட்டில் தங்கிவிட்டது. மொத்தமாகத் தொட்டியில் வரத் தொடங்கியபின் அதுவும் நின்றுபோனது. சுதந்திரத்துக்குப் பிறகும் எண்ணெய் மூன்று அந்நியக் கம்பெனிகளின் கையில்தான் இருந்தது: பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ். 1960இல் சோவியத் யூனியன் மலிவு விலைக்குக் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது தங்கள் ஆலைகளில் அதைச் சுத்திகரிக்க முடியாது என்று மறுத்தார்கள். அரசு சுத்திகரித்த எண்ணெயாகவே சோவியத்திலிருந்து வரவழைத்து, முந்தைய ஆண்டு தொடங்கிய தன் கம்பெனி மூலம் விற்க ஆரம்பித்தது. இன்றைய இந்தியன் ஆயிலின் தொடக்கம் அது. 1974க்கும் 1976க்கும் இடையில் அந்த மூன்று கம்பெனிகளையும் அரசே எடுத்துக்கொண்டது.

இதன்பின் ஏற்பட்ட நிலைமை விசித்திரமானது. சுத்திகரிப்பு ஆலை அரசுடையது, வேகன், தண்டவாளம், கிடங்கு அரசுடையவை, விலை அரசு நிர்ணயித்தது, ரேஷன் கடையும் அரசின் மேற்பார்வையில். கேனை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவன் மட்டும்தான் அரசுடையவன் அல்ல. ‘கிருஷ்ணாயில் வந்திருக்கு’ என்ற சேதி தெருவில் பரவிய வேகத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். (கிருஷ்ணாயிலுக்கும் கிருஷ்ணகிரிக்கும் சம்பந்தமில்லை என்று சின்ன வயதில் எவராவது சொல்லித்தர வேண்டியிருந்தது.) வெறுந்தொட்டியின் செலவு இந்த ஏற்பாட்டுக்குள் எங்கோ கரைந்துபோனது. அதை இழப்பு என்று சந்தைப் பொருளாதாரக்காரர்கள் எழுதினார்கள். அது ஒரு பொதுச் செலவு, அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பொதுமைக்குள்ளும் மையம், விளிம்பு இருந்தது. கிடங்கு விலையோடு ரயில் கட்டணமும், ரயிலடியிலிருந்து லாரிக் கூலியும் சேர்ந்துதான் கடைசி விலை. ரயிலடி இல்லாத ஊரின் கதி என்ன? இங்கேதான் கிருஷ்ணகிரி வருகிறது.

கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் குறுகிய பாதை போட்டார்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக என்று சொல்லிப் போட்ட பாதைகள். 1941இல், யுத்த காலத்தில், இரண்டையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பஞ்சத்துக்கென்று வந்த இரும்பு யுத்தத்துக்கென்று போனது. ஓசூருக்குப் பிறகு பெங்களூர்-சேலம் பாதை மூலம் ரயில் கிடைத்தது (அந்த நிலையம் இன்றும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டத்தில் இருக்கிறது). 2004இல் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்குக் கிடைக்கவே இல்லை. மாவட்டத்தின் ஓரத்தில், சாமல்பட்டி வழியாக, சென்னை-சேலம் பாதை போகிறது. 1860களிலிருந்து எல்லா வண்டியும் அதில்தான் ஓடுகிறது. ஜோலார்பேட்டை வழி கோட்டையும் சேலம் வழி கோட்டையும் வரைந்து பாருங்கள், நடுவில் இந்த ஊர் வெறுமையாக நிற்கும். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்பது தேர்தல்தோறும் திரும்ப வரும் கோரிக்கை.

ரயில் பிடுங்கப்பட்ட இதே நிலப்பரப்பில்தான் 1970களில் ஓசூர் சிப்காட் வந்தது, 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. தண்டவாளம் போன இடத்தில் லாரி தயாரானது. தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியுமா என்று தெரியவில்லை. பக்கத்து நாமக்கல்லில் டேங்கர் லாரி முதலாளிகள் உருவானார்கள். சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர்களுக்கு நாமக்கல்தான் தலைநகரம். எண்ணெய்க் கம்பெனி அரசுடையது, தொட்டி தனியாருடையது என்றானது. ராக்ஃபெல்லரின் ஏற்பாடு சின்ன அளவில், நம்ம ஊர் ஆட்கள் கையில். வெறுந்தொட்டி திரும்பும் பாரம் வாடகைப் பேரத்துக்குள் போனது, அங்கிருந்து இரவெல்லாம் கண்விழிக்கும் டிரைவரின் உடம்புக்குப் போனது.

தொட்டியை வேறொன்றுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் இந்தப் பக்கம் பார்த்தது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் விட்டார்கள். வேலூர் மாவட்டத்துக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்த காவிரித் தண்ணீர் அது. ‘எங்க தண்ணிய எடுக்கறாங்க’ என்ற முணுமுணுப்பும் எழுந்தது. ராஜஸ்தானிலிருந்து வந்த ஐம்பது வேகன்களில், வேகனுக்கு ஐம்பதாயிரம் லிட்டர் வீதம், ஜூலை 12 அன்று முதல் வண்டி வில்லிவாக்கம் சேர்ந்தது. ஐம்பதாயிரம் என்பதைக் கவனியுங்கள். இவ்வகை வேகனின் கொள்ளளவு சுமார் எழுபதாயிரம் லிட்டர். பெட்ரோலை நிரப்பலாம். தண்ணீர் கனம் அதிகம், அச்சு தாங்காது, ஆகவே கால்வாசிக்கு மேல் காலியாகவே விட்டாக வேண்டும். தொட்டி பெட்ரோலின் எடைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது, மனிதன் குடிக்கிற தண்ணீரின் எடைக்கு அல்ல.

ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். சென்னைக்கு அந்த மோசமான நாட்களிலேயே தினமும் ஐம்பது கோடி லிட்டருக்கு மேல் விநியோகம் ஆகிக்கொண்டிருந்தது. அதாவது நூற்றில் அரைப் பங்கு. அதற்கு 65 கோடி ரூபாய் ஒதுக்கீடு, மாலை, ரிப்பன், அமைச்சர்கள். 2016இல் மிரஜிலிருந்து லாத்தூருக்குப் போன தண்ணீர் ரயிலையும் இதே வகையில் வாசிக்கலாம். என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அரசு நினைத்தால் சில வாரங்களில் தொட்டிகளைத் திரட்டி, கழுவி, தன் தண்டவாளத்தில் ஓட்ட முடிந்தது. யாருடைய வயலிலும் கால் வைக்காமல்.

2021இல் அதுவும் முடியாமல் போனது. ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓடியது ரயில் தொட்டி அல்ல. தட்டையான வேகன்மேல் ஏற்றப்பட்ட லாரி டேங்கர்கள், கண்டெய்னர்கள். திரவ ஆக்சிஜனுக்கென்று வேகன்கள் ரயில்வேயிடம் இருக்கவில்லை. நாஃப்தாவுக்குத் தொட்டி உண்டு, பாஸ்பாரிக் அமிலத்துக்கு உண்டு, அம்மோனியாவுக்கு உண்டு. மூச்சுக்கு இல்லை. எதற்குத் தொட்டி செய்து வைத்திருக்கிறார்களோ அதுதான் அரசின் உண்மையான தேவைப் பட்டியல், மற்றதெல்லாம் அறிக்கை.

இப்போது தொட்டி பூமிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. குழாய்க்கு வெறும் ஓட்டம் கிடையாது, திரும்பி வர வேண்டியதில்லை. கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சி ஏது? ஆனால் ரயில் ஓடியது ரயில்வேயின் சொந்த நிலத்தில். குழாய் போவது விவசாயியின் நிலத்தில். கெயில் நிறுவனத்தின் கொச்சி-பெங்களூர் எரிவாயுக் குழாய் கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் விளைநிலத்தின் ஊடே திட்டமிடப்பட்டது. அகலம் 20 மீட்டர். இதற்கான சட்டம் 1962இல் இயற்றப்பட்டது. அஸ்ஸாம் எண்ணெயைப் பொதுத்துறை ஆலைகளுக்குக் கொண்டுபோன நேரு காலத்துச் சட்டம். நிலத்தை அரசு வாங்குவதில்லை, ‘உபயோக உரிமை’யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா விவசாயி பேரிலேயே இருக்கும், தீர்வையும் அவரே கட்டலாம். ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறு, குளம் வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. ஈடு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம்.

மரம் நடக்கூடாது என்பதை மாங்கூழுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் நின்று வாசிக்க வேண்டும். இரண்டு ஏக்கர் மாந்தோப்பின் நடுவில் அறுபத்தைந்து அடி அகலத்துக்கு ஒரு பட்டை போனால் மீதி என்ன? நெல் வயலுக்கு எழுதப்பட்ட சட்டம்கூட அல்ல இது. மேலிருந்து பார்க்கிற வரைபடத்துக்கு எழுதப்பட்டது. திட்டப் பொருளாதாரத்தை 1991க்குப் பிறகு ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தவர்கள் இந்த ஒரு கல்லை மட்டும் தொடவில்லை. எண்ணெயின் நிர்வாக விலைமுறை 2002இல் போயிற்று, மானியம் தேய்ந்தது, 1962 சட்டம் அப்படியே நின்றது. காக்கிநாடாவிலிருந்து குஜராத்துக்கு ரிலையன்ஸ் போட்ட குழாய்க்கும் இதே சட்டம்தான் வழிவிட்டது. பொதுமையின் பெயரால் எடுத்துக்கொள்ளும் உரிமை தங்கியது, பொதுச் செலவு மட்டும் மறைந்தது.

விவசாயிகள் கேட்டது குழாயே வேண்டாம் என்பதல்ல. நெடுஞ்சாலை ஓரமாகப் போடுங்கள் என்றார்கள். அதுவும் அரசு நிலம்தானே. 2013இல் தமிழக அரசு அப்படியே உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2014 ஜூனில் ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து வீடுகளோடு மனிதர்கள் எரிந்தார்கள். 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் கெயில் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 2022இல் தருமபுரி மாவட்டத்தில் குழாய்ப் பணியை எதிர்த்த ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதற்கிடையே பாரத் பெட்ரோலியம் கோவை இருகூரிலிருந்து இன்னொரு குழாயைத் தொடங்கியது. இருகூர் ரயிலடி ஊர். குழாய் போய்ச் சேரும் தேவனகொந்தியும் ரயிலடி ஊர். பெங்களூருக்கு எண்ணெய் கொடுக்கும் கிடங்குகள் இருக்கும் இடம், ஓசூருக்கு வெகு தூரமில்லை. இரண்டுக்கும் நடுவே தண்டவாளம் இருக்கிறது, சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகவே இருக்கிறது. குழாய் அதன் ஓரமாகப் போகவில்லை. எரிவாயுக் குழாய்க்கு நிலம் கொடுத்த அதே மாவட்டங்களில், இந்தத் தடவை பெட்ரோலுக்கும் டீசலுக்குமாக, மறுபடி அளவைக்கல் நட்டார்கள்.