குளிரும் கூந்தலும்: ஐக்கிய அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைமயிர் பேணும் மரபு – ஒரு வரலாற்று நோக்கு

பெண்கள் தம் தலையைத் துணியால் மூடவேண்டுமென 1786 ஆம் ஆண்டில் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தபான் மீரோ கட்டளையிட்டார். அடிமைத்தளையினின்றும் விடுபட்டிருந்த கறுப்பின, கலப்பினப் பெண்களுக்கு மாத்திரமே அக்கட்டளை உரியதாயிருந்தது. 2019 ஆம் ஆண்டிற் கலிபோர்னிய மாநிலம், பின்னலோ சடையோ அணிந்தமை காரணமாக ஒருவரைத் தொழிலிலும் பாடசாலையிலும் ஒதுக்குதல் இனப்பாகுபாடாகும் எனச் சட்டம் இயற்றிற்று. இவ்விரண்டுக்கும் இடையே 233 ஆண்டுகள் உள்ளன. தலைமயிர் அற்ப விடயமாயின், ஆட்சியாளர் அதன்பொருட்டு ஒரு தடவை கட்டளையிடவும் மற்றொரு தடவை பாதுகாப்பளிக்கவும் வேண்டிய தேவை எழுந்திராது.

சூட்டுக் கருவி எதுவுமின்றி, கொழுப்பு, பின்னல், நூல், துணி என்னும் நான்கினைக் கொண்டு தலைமயிரின் ஈரங்காத்து அதனை ஒழுங்குசெய்யும் முறையொன்று ஆபிரிக்க வழிவந்த அமெரிக்கப் பெண்களிடையே தலைமுறை தலைமுறையாக நிலவிவந்துள்ளது. குளிர்மிகுந்த வடபுல நகரங்களில் அவர்கள் குடியேறிய காலத்திலேயே அம்முறை பெரிதும் வேண்டப்பட்டது. அதே காலத்திலேயே அது நாணத்துக்குரியதாகவும் ஆக்கப்பட்டது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இயற்கை நிலையை நோக்குவோம். நெருங்கிச் சுருண்ட மயிரின் குறுக்குவெட்டு நீள்வட்ட வடிவினது. வளைவுகள்தோறும் அது நலிவுற்றிருக்கும். தலைத்தோலிற் சுரக்கும் நெய், நேரான மயிரில் நுனிவரை பரவுவது போலச் சுருளினூடு எளிதிற் பரவுவதில்லை. ஆதலால் வேர் நெய்ப்பற்றுடையதாயிருப்பினும் நுனி வரண்டு முறியும். குளிர்காலம் இவ்வரட்சியை மிகுவிக்கின்றது. குளிர்ந்த காற்று நீராவியைச் சிறிதளவே கொண்டிருக்கும். அக்காற்று வீட்டினுட் புகுந்து கணப்பினாற் சூடேறும்போது அதன் சாரீரப்பதன் மேலும் வீழ்ச்சியடைகின்றது. வெளியே குளிர், உள்ளே வரட்சி என்னும் இரண்டுக்கும் இடையே மயிர் ஈரத்தை இழக்கின்றது.

இதற்குரிய பரிகாரம் எளிமையானது. முதலில் மயிரைச் சிறிது நனைத்தல் வேண்டும். பின்னர் எண்ணெயோ கொழுப்போ பூசுதல் வேண்டும். கொழுப்புத் தானே ஈரம் அன்று. உட்சென்ற ஈரம் ஆவியாகாது தடுப்பதே அதன் பணியாகும். அதன்பின் மயிரைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பின்னினால் நுனிகள் உராய்வினின்றும் காக்கப்படும். இறுதியில் வழுவழுப்பான துணியாற் போர்த்தல் வேண்டும். நனைந்த நிலையிற் பின்னப்பட்டு உலர்ந்த மயிர், அவிழ்க்கப்படும்போது பின்னலின் வடிவையே அலையாகவும் சுருளாகவும் தாங்கி நிற்கும். இவ்வாறு காப்பும் அலங்காரமும் ஒரே செயலில் நிறைவெய்துகின்றன.

இம்முறையின் மூலங்கள் மேற்கு ஆபிரிக்காவைச் சார்ந்தவை. அங்குள்ள சவன்னாப் புல்வெளிகளில் வளரும் ஷியா மரத்தின் விதையிலிருந்து பெறப்படும் வெண்ணெய், உணவாகவும் உடற்பூச்சாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. 1795 முதல் 1797 வரை அப்பகுதியிற் பயணஞ்செய்த ஸ்கொத்லாந்தியரான முங்கோ பார்க் இம்மரத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். யொரூபா மக்களிடையே மயிரைப் பின்னும் கலை ‘இருன் டிடி’ எனவும், நூல்கொண்டு சுற்றும் கலை ‘இருன் கிகோ’ எனவும் வெவ்வேறு பெயர் பெற்றிருந்தன. பின்னலின் அமைப்பு, அணிந்தவரின் வயது, மணநிலை, சமூக மதிப்பு ஆகியவற்றைப் புலப்படுத்தும் குறியீடாகவும் அமைந்தது.

அத்திலாந்திக் அடிமை வாணிபம் இம்மரபின்மீது கொடிய தாக்குதலை விளைவித்தது. ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் மக்கள் ஆபிரிக்கக் கரைகளிற் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுட் பலருடைய தலைகள் மழிக்கப்பட்டன. சுகாதாரம் அதற்குரிய காரணமாகக் கூறப்பட்டபோதிலும், ஒருவர் எக்குலத்தவர், எவ்வூரினர் என்பதைக் காட்டிய அடையாளம் அச்செயலால் அழிந்தமை மறுக்கவியலாதது. தோட்டங்களில் ஷியா வெண்ணெய் கிடைக்கவில்லை. அகன்ற பற்களையுடைய மரச்சீப்பு கிடைக்கவில்லை. யாவற்றுக்கும் மேலாக ஓய்வுநேரம் கிடைக்கவில்லை. ஆயினும் கருவிகள் மாறினவேயன்றி முறை மறையவில்லை. பன்றிக் கொழுப்பும் பசு வெண்ணெயும் ஷியாவின் இடத்தைப் பெற்றன. ஆட்டுமயிரைச் சிக்கெடுக்கும் கருவியே சீப்பாயிற்று.

1936 இற்கும் 1938 இற்கும் இடையில், அமெரிக்க அரசின் எழுத்தாளர் வேலைத்திட்டம் ஒன்றன் கீழ், அடிமைகளாயிருந்த 2,300 இற்கு மேற்பட்ட முதியோரின் வாய்மொழிகள் பதிவுசெய்யப்பட்டன. வாரநாட்களில் மயிரைப் பகுதிகளாக்கிப் பருத்தி நூல்சுற்றித் துணிக்குள் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குச் செல்லுமுன் அவிழ்த்துச் சுருள்களாக விட்டமை அவற்றுட் கூறப்படுகின்றது. யொரூபாப் பெண்கள் அறிந்திருந்த நூல்சுற்றும் கலையும் இதுவும் வேறல்ல. தம் உழைப்பால் விளைந்த பருத்தியின் ஓர் இழையைத் தம் தலைக்கென அவர்கள் பயன்படுத்தியமை மனங்கொள்ளத்தக்கது.

1863 ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனமும் 1865 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தமும் அடிமை முறைக்கு முடிவுகட்டின. எனினும் நிறம், மயிர் என்பவற்றை அளவுகோலாகக் கொண்ட மதிப்பீடு மறையவில்லை. நேரான மயிருடையவர் நாகரிகமுடையவர் என்னும் எண்ணம் தொழில் வழங்குவோரிடத்து மாத்திரமன்றிக் கறுப்பினச் சமூகத்தின் உயர்தட்டினரிடத்தும் வேரூன்றிற்று. பிரான்சில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் புழக்கத்திற்கு வந்த சூடாக்கிய இரும்புச் சீப்பு இச்சூழலில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அடுப்பங்கரைக்கு வந்துசேர்ந்தது. வெப்பம் மயிரிலுள்ள ஐதரசன் பிணைப்புகளைத் தற்காலிகமாகக் குலைப்பதால் மயிர் நேராகின்றது. நீரோ நீராவியோ பட்டவுடன் மீண்டும் சுருள்கின்றது. ஆகவே அதனைத் திரும்பத் திரும்பச் சூடுபடுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு சூடும் மயிரின் ஈரத்தைக் கவர்ந்தது.

இவ்விடத்து இரு பெண்மணிகளைக் குறிப்பிடல் அவசியமாகும். அனி டேர்ன்போ மலோன் என்பார் 1902 இற் செயின்ற் லூயிஸ் நகரில் தம் கேசப் பண்ட வாணிபத்தை நிறுவினார். அவருடைய பொருளை விற்கும் முகவராகச் சிலகாலம் பணியாற்றிய சேரா பிறீட்லவ், 1906 முதல் மடம் சி. ஜே. வோக்கர் என்னும் பெயரிற் சொந்த வாணிபம் தொடங்கினார். 1867 இல் லூசியானாவிற் பிறந்து, சலவைத் தொழிலால் வாழ்ந்த அவரை இத்துறைக்கு இட்டுச்சென்றது தலைத்தோல் நோயினால் மயிர் உதிர்ந்தமையே. குழாய்நீர் வசதியற்ற இல்லங்களிற் குளிர்காலத்தில் தலை கழுவுதல் அரிதாயிருந்த காலமது. கழுவுதலும் தலைத்தோலுக்கு மருந்திடுதலுமே அவர் போதித்தவற்றின் அடிப்படையாயிருந்தன. சூட்டுச்சீப்பும் அவர் முறையில் இடம்பெற்றது. ஆயின் அதனைக் கண்டுபிடித்தவர் அவரே எனப் பலர் கூறுவது பிழையாகும்.

இந்நிலையிலேயே பெருங்குடிபெயர்வு நிகழ்ந்தது. 1910 இற்கும் 1970 இற்கும் இடையில் ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை நீங்கிச் சிக்காகோ, டெற்றோயிற், நியூயோர்க் முதலிய நகரங்களை அடைந்தனர். சிக்காகோவில் 1910 இல் 44,103 ஆயிருந்த அவர்தம் தொகை 1920 இல் 109,458 ஆகவும் 1930 இல் 233,903 ஆகவும் பெருகிற்று. தென்புலத்தின் வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் வளர்ந்தவர்கள், ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும் நகரொன்றில் வாழத் தலைப்பட்டனர். கொழுப்பும் பின்னலும் தலைத்துணியும் முன்னெப்போதிலும் பார்க்க இப்போதே அவர்களுக்கு வேண்டியிருந்தன.

ஆனால் நகரம் வேறொன்றைக் கோரிற்று. 1916 இல் நிறுவப்பட்ட சிக்காகோ நகர்ச் சங்கமும், 1905 முதல் வெளிவந்த ‘சிக்காகோ டிபெண்டர்’ என்னும் கறுப்பினப் பத்திரிகையும் புதிதாய் வந்தோருக்கு ஒழுக்க அறிவுரைகளை வழங்கின. வேலைநேரத் தலைத்தொப்பியுடனும் சமையல் மேலாடையுடனும் வீதியிற் செல்லலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இவ்வறிவுரை தீய நோக்கில் எழுந்ததன்று. வெள்ளையரின் வெறுப்பைத் தூண்டாது தொழிலும் வீடும் பெறவேண்டும் என்னும் அச்சமே அதன் பின்னணியாகும். ஆயினும் தலையை மூடிச் செல்லுதல் நாட்டுப்புறத்தின் அடையாளமாகவும் அடிமைக்காலத்தின் எச்சமாகவும் கருதப்படலாயிற்று. லூசியானாவின் ஆளுநர் பலவந்தமாகத் தலையை மூடச்செய்தார். நகர நாகரிகம் தலையைத் திறக்கச்செய்தது. இரு சந்தர்ப்பங்களிலும் பெண்ணின் தேவை கேட்டறியப்படவில்லை.

இதன் விளைவாக மரபு வீட்டினுள் ஒடுங்கிற்று. பகலில் நேராக்கிய கூந்தலுடன் தொழிலுக்குச் சென்ற பெண், இரவில் நெய்பூசித் தலைத்துணி கட்டியே உறங்கினாள். பாடசாலை செல்லும் சிறுமியின் தலையைத் தாயோ பாட்டியோ தன் முழங்கால்களுக்கிடையே இருத்திப் பின்னினாள். சூட்டுச்சீப்பு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விழாநாட்களுக்கே உரியதாயிற்று. எழுதிவைக்கப்படாத இவ்வறிவு கைவழியே கையளிக்கப்பட்டமையாலேயே அழியாது நின்றது.

மயிரை நேராக்குதல் தன்னினத்தை வெறுத்தலாகும் எனக் கண்டித்தவர் பலர். 1904 இலேயே கல்வியாளரான நனி ஹெலன் பரோஸ் இதனைக் கண்டித்து எழுதினார். 1965 இல் வெளிவந்த தம் சுயசரிதையில் மல்கம் எக்ஸ், காரப் பசையினால் தலை எரிய எரிய மயிரை நேராக்கிய இளமை நிகழ்ச்சியை இழிவின் தொடக்கமாகக் காண்கின்றார். இக்கண்டனத்தில் உண்மை உண்டு; எனினும் அது முழுமையான உண்மையன்று. வீட்டுப்பணியும் சலவையுமே வாய்த்த பெண்களுக்கு வோக்கரின் வாணிபம் சுதந்திரமான வருவாயை அளித்தது. 1917 இற் பிலடெல்பியாவில் அவருடைய முகவர்கள் கூடிய மாநாடு, கறுப்பினத்தவர் மீதான கும்பற்கொலைகளைத் தடுக்குமாறு ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அனுப்பிற்று. கூந்தல் வாணிபத்தால் ஒன்றுகூடிய பெண்கள் அரசியற் குரல் எழுப்பியமை இங்கு நோக்கற்பாலது. எனவே குற்றம் சீப்பைப் பிடித்த கையில் இருந்ததெனல் பொருந்தாது. அச்சீப்பின்றித் தொழில் தர மறுத்த அமைப்பிலேயே அது தங்கியிருந்தது.

1960 களின் விடுதலை இயக்கம் இயற்கைச் சுருளை மீண்டும் வீதிக்குக் கொணர்ந்தது. அதனைத் தொடர்ந்து வரிப்பின்னலும் நூல்சுற்றலும் வெளிப்படையாக அணியப்பட்டன. எனினும் தொழிற்றலங்கள் உடனே மாறவில்லை. விமான நிறுவனமொன்றின் ஊழியரான ரெனே றோஜர்ஸ் என்னும் பெண் வரிப்பின்னல் அணியும் உரிமைகோரித் தொடுத்த வழக்கை, 1981 இல் நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்று ஏற்கவில்லை. பின்னல் பிறப்பாலமைந்ததன்று, மாற்றிக்கொள்ளத்தக்கது என்பது மன்றின் நிலைப்பாடு. மாற்றத்தக்கதுதான்; ஆனால் மாற்றுவதற்கு வெப்பமும் காரமும் வேண்டும் என்பதை மன்று கருத்திற்கொள்ளவில்லை. 2019 இன் கலிபோர்னியச் சட்டமும், அதனைப் பின்பற்றி இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் இயற்றிய சட்டங்களும் இக்குறையை நீக்க முயன்றன. நாடு முழுமைக்குமான சட்டமூலம் 2022 மார்ச்சிற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோதிலும் செனற் சபையில் நிறைவேறவில்லை. அதே ஆண்டில் வெளியான அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆய்வு, நேராக்கும் இரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்துவதற்கும் கருப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படுவதாகத் தெரிவித்தது.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. கொழுப்பும் பின்னலும் துணியும் கொண்ட முறை, பிற்போக்கின் அடையாளமெனத் தள்ளப்பட்ட காலத்திலும், குளிர்நாட்டின் காற்றுக்கு ஏற்ற அறிவாகவே இருந்தது. அதனைப் பயனற்றதெனத் தீர்த்தது அனுபவமன்று. கூலி வழங்கும் அதிகாரமே. இன்று சிக்காகோவின் பனிக்காலத்திற் பின்னலணிந்து தொழிலுக்குச் செல்லும் பெண், தன் பாட்டி இரவில் மாத்திரம் செய்ததைப் பகலிற் செய்கின்றாள். நூறாண்டுப் போராட்டத்தால் அவள் பெற்றுக்கொண்டது அப்பகற்பொழுதேயாகும்.